பிறக்கப்போகும் பிள்ளைக்காக முன்கூட்டியே ஓர் ஊசி: ரூபெல்லாவின் கதை

இன்றைய பதிவு வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படியுங்கள். வீட்டில் கல்யாண வயதில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் படிக்கச் சொல்லுங்கள்.

சென்ற வாரம் பழைய மாணவி ஒருத்தி உள்பெட்டியில் எழுதியிருந்தாள். பெயர் வேண்டாம், எழுத அனுமதி வாங்கிவிட்டேன். "டீச்சர், கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சு. இப்பதான் குழந்தைக்காக டாக்டரைப் பார்க்க ஆரம்பிச்சிருக்கோம். ரத்தப் பரிசோதனையில ரூபெல்லாவுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லைன்னு வந்திருக்கு. ஊசி போட்டு ஒரு மாசம் பொறுத்து முயற்சி பண்ணுங்கன்னு சொல்றாங்க. அத்தை ஒத்துக்க மாட்டேங்கறாங்க. 'நாங்கெல்லாம் ஊசி போட்டுக்கிட்டா பெத்தோம்? ஏற்கெனவே நாலு வருஷம் போச்சு, இன்னும் ஒரு மாசமா'ன்னு கேக்கறாங்க. எனக்கும் குழப்பமா இருக்கு."

நான் மருத்துவர் இல்லை. ஊசி போடலாமா கூடாதா என்பதை அவளுடைய மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும், அதையே அவளுக்கும் எழுதினேன். ஆனால் "நாங்கெல்லாம் போட்டுக்கிட்டா பெத்தோம்" என்று அந்த அம்மா கேட்டாரே, அது மருத்துவக் கேள்வி இல்லை. அது ஒரு வரலாற்றுக் கேள்வி. வரலாற்றுப் பாடம் நடத்திப் பிழைத்தவள் என்ற முறையில் அதற்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

முதலில் இந்த நோயின் பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர்கள்தான் இதைத் தட்டம்மையிலிருந்து பிரித்து விவரித்தார்கள். அதனால் 'ஜெர்மன் தட்டம்மை' என்ற பெயர் வந்தது. 'ரூபெல்லா' என்ற பெயர் பிறந்ததில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஹென்றி வீல் என்ற பிரிட்டிஷ் பீரங்கிப்படை மருத்துவர் இந்தியாவில் பார்த்த ஒரு பரவலைப் பற்றி 1866-ல் எழுதினார். ஜெர்மன் பெயர் வாயில் நுழையவில்லை என்பதால் லத்தீனில் 'சின்னச் சிவப்பு' என்று பொருள்படும் ரூபெல்லா என்ற பெயரைச் சூட்டினார்.

பெயருக்கு ஏற்ற மாதிரி அது சின்ன நோய்தான். குழந்தைக்கு இரண்டு மூன்று நாள் லேசான காய்ச்சல், உடம்பில் சிவப்புத் தடிப்பு, காதுக்குப் பின்னால் நெறிகட்டுதல். பிறகு தானாகவே போய்விடும். யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பெயர் வைத்து 75 ஆண்டுகள் கழித்துத்தான் உலகத்துக்கு விஷயம் தெரிந்தது.

ஆண்டு 1941. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரம். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கிறது. நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவரிடம் பிறவியிலேயே கண்புரையோடு பிறந்த குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாக வரிசையாக வந்தார்கள். கண்புரை என்றால் நமக்கு அறுபது வயதுத் தாத்தா நினைவுக்கு வருவார். இங்கே கைக்குழந்தைகள். பல குழந்தைகளுக்கு இதயக் கோளாறும் இருந்தது. எடை குறைவு, பால் குடிக்கவும் சிரமம்.

அவருடைய காத்திருப்பு அறையில் தாய்மார்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்ததாகச் சொல்வார்கள். கர்ப்பமாக இருந்தபோது ஜெர்மன் தட்டம்மை வந்தது என்று ஒருவர் சொல்ல, எனக்கும்தான் என்று இன்னொருவர் சொன்னாராம். கிரெக் கணக்குப் போட்டுப் பார்த்தார். 1940-ல் ஆஸ்திரேலியாவில் ரூபெல்லா பெரிய அளவில் பரவியிருந்தது. போருக்கு ஆள் சேர்த்த ராணுவ முகாம்களில் இளைஞர்கள் நெருக்கமாகத் தங்கினார்கள், விடுமுறையில் வீட்டுக்கு நோயைக் கொண்டுபோனார்கள். அந்தக் காலத்தில் கருத்தரித்தவர்களின் குழந்தைகள்தான் இப்போது அவர் முன்னால் இருந்தன.

மற்ற கண் மருத்துவர்களிடமும் கேட்டு 78 குழந்தைகளின் விவரம் சேகரித்தார். அவர்களில் 68 பேரின் தாய்மார்களுக்குக் கர்ப்ப காலத்தில் ரூபெல்லா வந்திருந்தது, பெரும்பாலும் முதல் மாதங்களில். 1941 அக்டோபரில் மெல்போர்னில் நடந்த கண் மருத்துவர் கூட்டத்தில் அதைக் கட்டுரையாக வாசித்தார்.

உலகம் உடனே நம்பிவிடவில்லை. கருவில் வரும் குறைகள் எல்லாம் பரம்பரையால் வருபவை, தாய்க்கு வரும் ஒரு சின்னக் காய்ச்சல் கருவை இப்படித் தாக்காது என்பதுதான் அன்றைய பாடம். லண்டனின் புகழ்பெற்ற மருத்துவ இதழான லான்செட் 1944-லும் கிரெக் தன் கருத்தை நிரூபித்துவிட்டதாகச் சொல்ல முடியாது என்றே எழுதியது. இதற்குள் ஆஸ்திரேலியாவிலேயே சார்லஸ் ஸ்வான் என்பவரின் குழு மேலும் குழந்தைகளை ஆராய்ந்து, காது கேளாமையும் இதோடு சேர்ந்தது என்று காட்டியிருந்தது.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு மனிதர் வருகிறார். ஆலிவர் லங்காஸ்டர் என்ற புள்ளியியலாளர். அவர் எந்த நோயாளியையும் பார்க்கவில்லை. பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளைப் புரட்டினார். ஆஸ்திரேலியாவின் 1911 கணக்கெடுப்பில் காது கேளாதோர் எண்ணிக்கை 10 முதல் 14 வயதுக்காரர்களிடம் மட்டும் திடீரென்று உயர்ந்திருந்தது. 1921 கணக்கெடுப்பில் அந்த மேடு 20 முதல் 24 வயதுக்கு நகர்ந்திருந்தது. அதாவது அதே ஆட்கள், பத்து வயது கூடியிருக்கிறார்கள். அவர்கள் கருவில் இருந்த காலத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், 1890-களின் கடைசியில் வந்த ரூபெல்லா பரவலில் போய் நிற்கிறது. கிரெக் கண்டுபிடிப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்திருக்கிறது. கணக்கெடுப்பில் பதிவும் ஆகியிருக்கிறது. ஏன் என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

நம் வீட்டுப் பெரியவர்களும் சொல்வார்கள், "எங்க காலத்துல இந்த நோயெல்லாம் ஏது" என்று. இருந்தது. ஒரு குடும்பத்தில் காது கேட்காத பிள்ளை பிறந்தால் அதை விதி என்றோ, கிரகணத்தில் வெளியே போனதால் என்றோ சொல்லிவிட்டு அந்தத் தாயைத்தான் குறை சொன்னோம். கர்ப்பத்தின் இரண்டாம் மாதத்தில் வந்துபோன மூன்று நாள் தடிப்பை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

இப்போது காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் தடுப்பூசி வர இன்னும் கால் நூற்றாண்டுக்கும் மேல் ஆனது. அந்த இடைக்காலத்தில் மக்கள் என்ன செய்தார்கள்? ஒரு முறை வந்தால் பெரும்பாலும் மறுபடி வராது என்று தெரியும். அதனால் ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் சில தாய்மார்கள், தெருவில் ஒரு குழந்தைக்கு ரூபெல்லா வந்தால் தங்கள் சின்னப் பெண்களை அந்த வீட்டுக்கு விளையாட அனுப்பினார்கள். இப்போதே தொற்றிக்கொள்ளட்டும், நாளைக்குக் கல்யாணமாகிக் கர்ப்பமாகும்போது வராது என்ற கணக்கு. 'அம்மை விருந்து' என்றே அதற்குப் பெயர் இருந்தது. கர்ப்பத்துக்கு முன்பே பாதுகாப்பைத் தேடிக்கொள்வது என்ற எண்ணம் ஊசிக்கும் முந்தையது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம் ஊரில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவோம். கர்ப்பிணிகள் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் ரூபெல்லாவில் அது போதாது. தொற்றியவர்களில் பாதிப் பேருக்குத் தடிப்பே தெரியாமல் போகலாம். தடிப்பு வருபவர்களும் அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே மற்றவர்களுக்குப் பரப்புவார்கள். வேப்பிலை கட்டும் முன்பே வேலை முடிந்துவிடும்.

இதற்கு ஹாலிவுட்டில் ஒரு துயரமான உதாரணம் உண்டு. ஜீன் டியர்னி அன்றைய முன்னணி நடிகை. 1943-ல் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ராணுவ வீரர்களை மகிழ்விக்கும் ஒரு விடுதிக்குப் போனார். சில நாட்களில் அவருக்கு ரூபெல்லா வந்தது. அந்த ஆண்டே பிறந்த மகள் டாரியாவுக்குக் காது கேட்கவில்லை, பார்வை குறைவு, மன வளர்ச்சியும் பாதிக்கப்பட்டிருந்தது. பின்னாளில் ஒரு ரசிகை அவரிடம் வந்து, தனக்கு ரூபெல்லா வந்திருந்தபோது முகாமின் தடையை மீறி அன்றைக்கு அவரைப் பார்க்க வந்ததாகப் பெருமையாகச் சொன்னாராம். டியர்னி பதில் பேசாமல் நகர்ந்துவிட்டார். இதை அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

1962-ல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ரூபெல்லா கிருமியைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்தன. தடுப்பூசி தயாராகும் முன்பே பெரும் பரவல் வந்துவிட்டது. 1964, 65 ஆண்டுகளில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேருக்கு ரூபெல்லா. கருச்சிதைவாகவும் கருக்கலைப்பாகவும் சுமார் 11,000 கர்ப்பங்கள் முடிந்தன. பிறந்த சில நாட்களில் 2,100 குழந்தைகள் இறந்தன. சுமார் 20,000 குழந்தைகள் பிறவி ரூபெல்லா பாதிப்போடு பிறந்தன. அவர்களில் ஏறத்தாழ 11,000 பேருக்குக் காது கேட்காது, 3,500 பேருக்குப் பார்வை இல்லை.

அந்தக் குழந்தைகளை வெறும் எண்ணிக்கையாக விட்டுவிடக் கூடாது. காது கேளாதோர் பள்ளிகள் அவர்களுக்காக விரிவாக்கப்பட்டன. அவர்கள் வளர்ந்து வாஷிங்டனில் உள்ள காது கேளாதோருக்கான கல்லோடெட் பல்கலைக்கழகத்தை நிறைத்தார்கள். 1988 மார்ச்சில், எங்கள் பல்கலைக்கழகத்துக்குக் காது கேளாத ஒருவரே தலைவராக வேண்டும் என்று அங்கே மாணவர்கள் போராடி வென்றார்கள். அந்தத் தலைமுறையில் பரவல் காலத்துக் குழந்தைகள் நிறையப் பேர். தடுப்பூசியைப் பற்றிப் பேசும்போது இப்படிப்பட்ட மனிதர்களை யாரும் குறைவாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இந்தப் பத்தி.

அந்தப் பரவலின் நடுவே பிலடெல்பியாவில் ஸ்டான்லி பிளாட்கின் என்ற மருத்துவர் வேலை செய்துகொண்டிருந்தார். ரூபெல்லா வந்து, பயந்து, கருவைக் கலைத்துக்கொண்ட பெண்களின் கருத்திசுக்கள் அவருடைய ஆய்வகத்துக்கு வந்தன. 27-ஆவது கருவின் மூன்றாவது திசு மாதிரியிலிருந்து எடுத்த கிருமியை மனித உயிரணுக்களில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குறைத்தார். அதனால் அதற்குப் பெயரே 'ஆர்.ஏ. 27/3'. இன்று உலகத்தின் பெரும்பகுதியில் போடப்படும் ரூபெல்லா ஊசி அதுதான். இந்தியாவில் தயாராகும் ஊசியிலும் அதே வகைக் கிருமிதான் இருக்கிறது. 1964-ல் ஒரு தாய் இழந்த கருவிலிருந்து வந்தது. இதில் அறக்கேள்வி இருக்கிறது, மறுக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை இதை விவாதித்தது. வேறு மாற்று இல்லாதபோது பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் காப்பதற்காக இதைப் பயன்படுத்தலாம் என்று வத்திக்கானின் வாழ்வுக்கான கழகம் 2005-ல் கருத்துச் சொன்னது.

அமெரிக்காவில் முதல் ரூபெல்லா ஊசி 1969-ல் வந்தது. அடுத்த கேள்வி: யாருக்குப் போடுவது? நாடுகள் இரண்டாகப் பிரிந்தன.

அமெரிக்கா எல்லாக் குழந்தைகளுக்கும் போட்டது. நோயைத் தெருவிலிருந்தே விரட்டினால் கர்ப்பிணிக்கு வராது என்ற கணக்கு. பிரிட்டன் 1970 முதல் பள்ளியில் படிக்கும் வளரிளம் பெண்களுக்கு மட்டும் போட்டது. நோய் தெருவில் இருக்கட்டும், தாயாகப்போகிறவளை மட்டும் காப்போம் என்ற கணக்கு. கேட்பதற்கு இரண்டாவது சிக்கனமானது. ஆனால் ஊசி விட்டுப்போன பெண்கள் எப்போதும் கொஞ்சம் பேர் இருந்தார்கள். தெருவில் கிருமி சுற்றிக்கொண்டே இருந்ததால் அவர்களுக்கு வந்துகொண்டே இருந்தது. பல சமயம் சொந்த மூத்த பிள்ளையிடமிருந்தே வந்தது. கடைசியில் 1988-ல் பிரிட்டனும் எல்லாக் குழந்தைகளுக்கும் எம்.எம்.ஆர். ஊசி போடத் தொடங்கியது.

அடுத்து கிரீஸ். என் மாணவியின் மாமியார் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

கிரீஸில் 1970-களின் நடுவிலிருந்து எம்.எம்.ஆர். ஊசி கிடைத்தது. ஆனால் முறையான திட்டம் இல்லை. வசதியும் விருப்பமும் உள்ளவர்கள் குழந்தைகளுக்குப் போட்டார்கள். பல ஆண்டுகளாகப் பாதிக் குழந்தைகளுக்குக்கூட ஊசி போய்ச் சேரவில்லை. என்ன ஆனது? பாதிப் பேர் ஊசி போட்டதால் தெருவில் நோய் குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. ஊசி போடாத சிறுமிகளுக்கும் சிறுவயதில் நோய் வரும் வாய்ப்பு குறைந்துபோனது. எனவே அவர்கள் ஊசியும் இல்லாமல், நோயும் வராமல், எந்தப் பாதுகாப்பும் இன்றித் தாயாகும் வயதை எட்டினார்கள். 1993-ல் ரூபெல்லா பரவியபோது அது இளைஞர்களிடமும் இளம்பெண்களிடமும் பரவியது. அந்த ஆண்டில் 25 குழந்தைகள் பிறவி ரூபெல்லா பாதிப்போடு பிறந்தன. அந்தச் சின்ன நாட்டுக்கு அது மிகப் பெரிய எண்ணிக்கை.

"நாங்கெல்லாம் ஊசி போட்டுக்கிட்டா பெத்தோம்?" உண்மைதான் அம்மா. உங்களில் பலருக்கு ஐந்து வயதிலோ பத்து வயதிலோ, தெருப் பிள்ளைகளோடு விளையாடும்போது ரூபெல்லா வந்து போயிருக்கும். அதுதான் உங்களைக் காத்தது, பெயர்கூடத் தெரியாமல். உங்கள் மருமகளுக்கு அது வரவில்லை என்று ரத்தப் பரிசோதனை சொல்கிறது. உங்களுக்கு இருந்த கவசம் அவளுக்கு இல்லை. உங்கள் காலத்தை வைத்து அவள் காலத்தை அளக்க முடியாது.

தமிழ்நாட்டுக் கணக்குக்கு வருவோம். சிட்னியைப் போலவே நம் ஊரிலும் இதைக் கண்டு சொன்னவர்கள் கண் மருத்துவர்கள்தான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவரும் பிரிட்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து, கண்புரையோடு வந்த கைக்குழந்தைகளின் எச்சிலைப் பரிசோதித்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்குக் காரணம் ரூபெல்லா என்று 1996-ல் எழுதினார்கள். ஆனால் அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் ரூபெல்லா சேர இன்னும் இருபது ஆண்டு ஆனது. இடையில் தனியார் மருத்துவமனைகளில் எம்.எம்.ஆர். கிடைத்தது. காசும் விவரமும் உள்ளவர்கள் போட்டார்கள். கிரீஸ் கதை நினைவுக்கு வருகிறதா?

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகியவற்றில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும். பிறகு குழந்தைகளுக்கான வழக்கமான அட்டவணையிலும் சேர்ந்தது. அந்த மாதம் வாட்ஸ்அப்பில் என்னென்ன வந்தது என்று அப்போது பள்ளிகளில் இருந்த ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். வதந்தியால் பெற்றோர்கள் தயங்கியதால் முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியிருந்தது. நாட்டின் சில பகுதிகளில், இது பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் ஊசி என்றுகூடப் புரளி கிளம்பியது. பிறக்கப்போகும் பிள்ளைகளைக் காப்பாற்றவே கண்டுபிடிக்கப்பட்ட ஊசிக்கு இந்தப் பெயர்.

இப்போது கணக்குப் போடுங்கள். 2017 தொடக்கத்தில் 15 வயதைத் தாண்டியிருந்தவர்கள் அந்த முகாமில் இல்லை. அதாவது 2002-க்கு முன் பிறந்தவர்கள். இன்று திருமண மண்டபங்களில் மணமேடை ஏறுகிறவர்களும் முதல் குழந்தைக்கு முயல்பவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். அவர்களில் பலருக்குச் சிறுவயதில் நோய் வந்து எதிர்ப்புச் சக்தி இருக்கும். சிலர் தனியாரிடம் ஊசி போட்டிருப்பார்கள். இரண்டும் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். யார் எந்த வகை என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. முகாம் காலத்தில் பயந்துபோய் "என் பிள்ளைக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்த பெற்றோரின் பெண்களும் இப்போது அந்த வயதுக்கு வருகிறார்கள்.

இது பெண்ணின் பாடு மட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஜப்பான் ஒரு பாடம். அங்கே 1977 முதல் 1990-களின் நடுப்பகுதி வரை நடுநிலைப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் ரூபெல்லா ஊசி போட்டார்கள். ஆண் பிள்ளைகளை விட்டுவிட்டார்கள். அந்தப் பையன்கள் வளர்ந்து அலுவலகம் போகும் ஆண்கள் ஆனார்கள். 2012, 13-ல் ரூபெல்லா அவர்களிடையே பரவியது. 2013-ல் மட்டும் 14,000-க்கு மேற்பட்டோருக்கு வந்தது, பெரும்பாலும் இருபது முதல் நாற்பதுகளில் இருந்த ஆண்கள். கணவர்களும் உடன் வேலை செய்பவர்களும் ரயிலில் பக்கத்தில் நின்றவர்களும் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பரவலில் 45 குழந்தைகள் பாதிப்போடு பிறந்தன. விட்டுப்போன ஆண்களைத் தேடி 2019-ல்தான் இலவசப் பரிசோதனையும் ஊசியும் கொடுக்கத் தொடங்கினார்கள்.

அமெரிக்கக் கண்டங்கள் இதைச் சரியாகச் செய்தன. குழந்தைகளோடு நிறுத்தாமல், பெரியவர்களில் பெண்களுக்கும், பல நாடுகளில் ஆண்களுக்கும் சேர்த்துப் போட்டார்கள். பிரேசிலில் 2008-ல் ஒரே இயக்கத்தில் 6 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குப் போட்டார்கள். 2015-ல் அந்தக் கண்டங்கள் முழுவதும் ரூபெல்லா ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

சரி, ஏன் ஒரு மாதம் பொறுக்கச் சொல்கிறார்கள்? இதில் இருப்பது வீரியம் குறைத்த, ஆனால் உயிருள்ள கிருமி. அதனால் கர்ப்பிணிகளுக்கு இதைப் போடுவதில்லை. தொடக்கத்தில் மூன்று மாதம் பொறுக்கச் சொன்னார்கள். ஊசி போட்ட பிறகு கர்ப்பம் என்று தெரிந்தவர்கள் சிலர் இருப்பார்கள் அல்லவா? அமெரிக்காவில் 1971 முதல் 1989 வரை அப்படிப்பட்டவர்களைப் பதிவுசெய்து பின்தொடர்ந்தார்கள். எதிர்ப்புச் சக்தி இல்லாத நிலையில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களுக்கு 300-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. ஒன்றுக்கும் பிறவி ரூபெல்லா பாதிப்பு இல்லை. 2001-ல் காத்திருப்பை 28 நாளாகக் குறைத்தார்கள். தென் அமெரிக்க இயக்கங்களிலும் கர்ப்பம் என்று தெரியாமல் ஊசி போட்டுக்கொண்ட சுமார் 30,000 பேரைப் பின்தொடர்ந்தார்கள். அங்கேயும் ஊசியால் அப்படி ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை.

எதிர்ப்புச் சக்தி இல்லாத தாய்க்கு முதல் 12 வாரத்துக்குள் உண்மையான ரூபெல்லா வந்தால் என்ன? நூற்றுக்கு 85 வரை குழந்தைக்குப் பாதிப்பு வரலாம். தராசின் இரண்டு தட்டிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றில் 28 நாள் காத்திருப்பு. மற்றொன்றில் ஒரு வாழ்நாள்.

குழந்தைக்காகக் காத்திருப்பவர்களுக்கு ஒரு மாதம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு மாதமும் எதிர்பார்த்து, ஏமாந்து, அக்கம்பக்கத்தார் "விசேஷம் உண்டா" என்று கேட்பதைத் தாங்கி வாழ்பவர்களிடம் "ஒரு மாதம்தானே" என்று லேசாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் இந்த ஊசிக்கு அதைவிட்டால் வேறு நேரம் இல்லை. கரு உண்டான பிறகு போட முடியாது. நோய் வந்த பிறகு மாற்று மருந்து இல்லை.

அதனால், படிப்பவர்களுக்குச் சில வேண்டுகோள்கள்.

கல்யாணம் நிச்சயமானால் ஜாதகத்தோடு தடுப்பூசி அட்டையையும் தேடி எடுங்கள். ஊசி போட்டதற்கு ஆதாரம் இல்லையென்றால் மகப்பேறு மருத்துவரிடம் ரூபெல்லா பற்றிக் கேளுங்கள். ரத்தப் பரிசோதனை வேண்டுமா, நேரடியாக ஊசியே போடலாமா என்று அவர் சொல்வார். கல்யாணத்துக்கு முன்பே போட்டுவிட்டால் பின்னால் ஒரு மாதம் இழக்க வேண்டியதே இல்லை.

மாப்பிள்ளைகளும் போட்டுக்கொள்ளலாம். ஜப்பானை மறக்காதீர்கள்.

ஊசி போட்ட பிறகு கர்ப்பம் என்று தெரிந்தால் பதறிப்போய்க் கருவைக் கலைக்க ஓடாதீர்கள். அது அதற்குக் காரணமே அல்ல. மருத்துவரிடம் சொல்லுங்கள், போதும்.

கர்ப்ப காலத்தில் எதிர்ப்புச் சக்தி இல்லை என்று தெரிந்தால், பிரசவம் ஆனதும் போட்டுக்கொள்ளுங்கள். தாய்ப்பால் கொடுப்பதற்கு அது தடையில்லை. அடுத்த பிள்ளைக்கு உதவும்.

நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், வேறு கடுமையான நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம்.

பிள்ளை பிறந்ததும் அதற்கான தட்டம்மை-ரூபெல்லா ஊசியை 9-ஆம் மாதத்திலும் ஒன்றரை வயதை ஒட்டியும் தவறாமல் போடுங்கள். உங்கள் பிள்ளைக்குப் போடும் ஊசி, பக்கத்து வீட்டில் இருக்கும் பெயர் தெரியாத கர்ப்பிணியின் பிள்ளையையும் காக்கும்.

மகப்பேறு மருத்துவர்களும் செவிலியர்களும் இந்தப் பக்கத்தில் சிலர் இருக்கிறீர்கள். நான் சொன்னதில் சேர்க்கவோ திருத்தவோ இருந்தால் கீழே எழுதுங்கள். மற்றவர்கள், உங்கள் உறவில் மருமகள் வரப்போகும் ஒரு வீட்டுக்காவது இதை அனுப்பி வையுங்கள். குறிப்பாக அத்தைமார்களுக்கு.